ஹவானாவின் பாத்திகள்: உரமும் டீசலும் நின்றுபோன ஒரு நகரம் காய்கறி விளைவித்த விதம்

வீட்டுத் தோட்டம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. எதனால் நல்லது என்று கேட்டால் பெரும்பாலோர் தூரத்தைத்தான் சொல்வார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி ஏறிச் சென்னைக்கு வரும் கத்தரிக்காயை நம் மாடியிலேயே பறித்துக்கொண்டால் அத்தனை டீசலும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அதில் கிடைப்பது சில்லறைதான். பெரிய நோட்டுகள் வேறு பையில் இருக்கின்றன.

அது எந்தப் பை என்று பார்க்க, எனக்குத் தெரிந்தவரை கியூபாவின் தலைநகர் ஹவானாவைவிட நல்ல இடம் இல்லை. 1990களில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஊர். அப்போது அந்த ஊர் முழுக்கக் காய்கறிப் பாத்திகள் முளைத்தன. ஆசைப்பட்டுப் போட்ட பசுமைத் திட்டம் அல்ல அது. சோறு கிடைக்காமல் போனதால் செய்தார்கள்.

கப்பல் வராமல் போனபோது

1980கள் வரை கியூபாவின் விவசாயம் முழுக்க முழுக்க இயந்திரமும் ரசாயனமுமாக நடந்தது. கரும்பு போடு, சர்க்கரையைச் சோவியத் யூனியனுக்கு அனுப்பு, பதிலுக்குப் பெட்ரோலிய எண்ணெய், உரம், பூச்சிமருந்து, டிராக்டர், கோதுமை எல்லாம் வாங்கிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. சர்க்கரைக்கு உலகச் சந்தையைவிட நல்ல விலையும் கிடைத்தது. நாட்டு மக்கள் உண்ட கலோரியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1989க்குப் பிறகு அந்த ஏற்பாடு கழன்றது. 1991ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. எண்ணெய் வரத்து பாதியாகக் குறைந்தது. உரத்தில் முக்கால்வாசி நின்றுபோனது. இந்த நேரம் பார்த்து அமெரிக்கா தன் பொருளாதாரத் தடையை 1992ல் இன்னும் இறுக்கியது. 1993ல் ஒருவருக்குக் கிடைத்த சராசரி உணவு ஒரு நாளைக்கு 1,900 கலோரிக்கும் கீழே போனது. சத்துக் குறைவால் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பாதிக்கப்படும் நோய் 1992, 1993ல் பரவி 50,000 பேருக்கு மேல் தாக்கியது. 1994 ஆகஸ்டில் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் மக்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கினார்கள்; அந்தக் கோடையில் 30,000க்கும் மேற்பட்டோர் டயரையும் பலகையையும் கட்டி மிதவை செய்து கடலில் கிளம்பினார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஹவானா தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பட்டினியை ஒரு வரியில் தாண்டிவிட்டுப் பச்சைப் பசேல் என்ற படத்துக்குப் போய்விடுகிறார்கள். 1991க்கும் 1995க்கும் இடையில் மக்களின் சராசரி எடை ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்தது, அதன் பின் சர்க்கரை நோய், இதய நோய்ச் சாவுகளும் குறைந்தன என்று ஓர் ஆய்வு உண்டு. அதை ஏதோ உடல்நலத் திட்டம்போல் எடுத்துக்காட்டுவதும் நடக்கிறது. பசியில் மெலிந்தவர்களிடம் போய் அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கு வருவோம். கிராமத்தில் விளைந்தது கூட நகரத்துக்கு வந்து சேரவில்லை. லாரி இருந்தது, டீசல் இல்லை. காய் வயலிலேயே அழுகியது. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் இறக்கினார்கள். உழவுக்குக் காளைகளைப் பழக்கினார்கள். நகரத்தில் உண்பவருக்கு நகரத்திலேயே விளைய வேண்டும் என்ற நிலை வந்தது. பக்கத்தில் விளைவது என்பது அவர்களுக்குக் கார்பன் கணக்காக இருக்கவே இல்லை. பக்கத்தில் விளையாவிட்டால் கிடைக்காது, அவ்வளவுதான்.

குப்பை மேட்டில் பாத்தி

நகரத்தில் நிலம் எங்கே? இடிந்த கட்டட மனைகள், குப்பை கொட்டிய காலி இடங்கள், வண்டி நிறுத்தங்கள், பள்ளிக்கூட ஓரங்கள். அவற்றின் மண் சுண்ணாம்பும் செங்கல் துண்டுமாகக் கிடந்தது, எதுவும் முளைக்காது. சில இடங்களில் மண்ணில்லா விவசாயத்துக்காக அமைத்த தொட்டிகள் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய உப்புகளும் இறக்குமதிதான், அதுவும் வரவில்லை. ஆக, அந்தத் தொட்டிகளிலேயே மண்ணையும் மட்கையும் நிரப்பி நட்டுப் பார்த்தார்கள். பலித்தது. இந்த முறைக்கு அங்கே ஆர்கனோபோனிகோ என்று பெயர்.

அமைப்பு எளிது. ஒரு மீட்டரைவிடச் சற்று அகலமான நீண்ட மேட்டுப்பாத்தி. இரு பக்கமும் கைக்கு எட்டும் அகலம், அதனால் யாரும் உள்ளே கால் வைத்து மிதிப்பதில்லை; மண் இறுகாது. ஓரக் கட்டுக்குப் பழைய கூரை ஓடு, உடைந்த கான்கிரீட் பலகை, கல், எது கிடைத்ததோ அது. உள்ளே பாதி மண், பாதி மட்கு. ஒரு பயிர் எடுத்ததும் மட்கு போட்டு அடுத்த நாற்றை இறக்கிவிடுவார்கள். பாத்தி சும்மா கிடக்கக் கூடாது.

மட்குக்கு மாட்டுச் சாணம், இலைதழை, கூடவே சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டும்போது மிஞ்சும் கரும்புச் சக்கை மண். நம் ஊர் ஆலைப் பக்கத்து விவசாயிகள் பிரஸ் மட் என்று வாங்கிப் போடுவது அதேதான். இவற்றை மண்புழுவுக்குக் கொடுத்து உரமாக்கினார்கள். மண்புழு உரத்துக்கென்று தனி ஆராய்ச்சியும் உற்பத்தி நிலையங்களும் 1980களிலேயே அங்கே தொடங்கியிருந்தன. தட்டுப்பாடு வந்த நாளில் புழுவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

நல்ல பாத்தியில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 20 கிலோ காய்கறி என்று இலக்கு வைத்தார்கள். நம் அளவில் சொன்னால் ஒரு சென்ட் நிலத்தில் 800 கிலோ. படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கீரை, லெட்யூஸ், முள்ளங்கி போன்ற சீக்கிரம் வரும், நீர் நிறைந்த பயிர்களை ஒன்றன் பின் ஒன்றாக வருடம் முழுக்க எடுத்தால் எட்டக்கூடிய எண்தான். எல்லாத் தோட்டமும் எட்டியது என்று நினைக்க வேண்டாம். முதல் வரிசைத் தோட்டங்களின் கணக்கு அது.

அப்படி முதல் வரிசையில் வந்தது அலமார் தோட்டம். ஹவானாவின் கிழக்கே சோவியத் பாணி அடுக்குமாடிகள் வரிசைகட்டி நிற்கும் பகுதி அலமார். மருத்துவமனை கட்டுவதற்கென்று விட்டிருந்த நிலத்தில் வேளாண் பொறியாளர் மிகேல் சல்சினெஸ் சில பேருடன் 1997ல் தொடங்கினார். கூட்டுறவாக வளர்ந்து 11 ஹெக்டேர் ஆனது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். பறித்த காய் வாசலிலேயே விற்றுப்போகும். வாங்குகிறவர் எதிரே இருக்கும் மாடிக் கட்டடத்திலிருந்து இறங்கி வந்தவராக இருப்பார்.

பூச்சிக்கு யார் பதில் சொன்னது

நகரத்துக்குள் ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கத் தடை போட்டார்கள். வீட்டு ஜன்னலுக்குக் கீழே பாத்தி இருக்கும்போது அது நியாயமான தடை. மருந்தே கையில் இல்லாதபோது தடை போடுவது சுலபம் என்பதும் உண்மை.

அப்படியானால் மாற்று என்ன? நன்மை செய்யும் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் வளர்த்துக் கொடுக்கும் சிறு கூடங்களை அரசு நாடு முழுக்க 200க்கு மேல் அமைத்திருந்தது. வேலை 1980களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. மரவள்ளியைத் தின்னும் புழுவின் முட்டைக்கு டிரைக்கோகிரம்மா என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. கூன்வண்டுக்குப் பிவேரியா பூஞ்சை. புகையிலைத் தூள், சுண்ணாம்பு, வேம்பு. பாத்தியின் இரு முனையிலும் செண்டுமல்லி, ஓரத்தில் மக்காச்சோளம். இவற்றில் பாதியை நம் ஊர் விவசாயி ஏற்கெனவே அறிவார். எனக்கு மிகவும் பிடித்தது எறும்பு வேலை. சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் குடையும் கூன்வண்டை ஒரு வகை எறும்பு வேட்டையாடும். வாழைத் தண்டைத் துண்டு போட்டு இனிப்புத் தடவி, எறும்பு நிறைந்த தோப்பில் வைத்துவிடுவார்கள். எறும்புக் கூட்டம் தண்டில் குடியேறியதும் அப்படியே தூக்கி வந்து கிழங்கு வயலில் போடுவார்கள். வெயிலில் தண்டு காயக் காய, எறும்பு மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும்.

கூடவே விதை, மட்கு, மண்வெட்டி, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சிறு கடைகள் பேட்டைக்குப் பேட்டை திறந்தன. இலை சுருண்டால் இலையைப் பறித்துக்கொண்டு அங்கே போகலாம். 1997ல் நகர விவசாயத்துக்கென்று ஒரு தேசியக் குழு அமைந்தது. வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் அடோல்ஃபோ ரொட்ரிகெஸ் நொடால்ஸ் அதை நடத்தினார். குழு ஊர் ஊராகச் சுற்றி ஒவ்வொரு தோட்டத்தையும் நேரில் பார்த்து மதிப்பெண் போட்டது.

வீட்டு முற்றங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் கைப்பிடி இடம் இருந்தால் வாழை, கொய்யா, வெண்ணெய்ப்பழம், சேப்பங்கிழங்கு வகை ஒன்று, நாலு கோழி, முயல். சிலர் குளியல் தொட்டியில் பன்றி வளர்த்த கதைகளும் உண்டு. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சமையலுக்கு வாசனை சேர்க்க அங்கே முற்றத்தில் வளர்க்கும் செடிகளில் ஒன்று நம் கற்பூரவல்லி. நாம் சளிக்குக் கிள்ளுகிறோம், அவர்கள் பீன்ஸ் குழம்பில் போடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் கணக்கு

உலக அளவில் உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம். 2018ல் வெளிவந்த, பல ஆயிரம் பண்ணைகளின் தரவைச் சேர்த்த ஆய்வின் கணக்கு இது. காய்கறிக்கு மட்டும் எடுத்தால் இந்தப் பங்கு கூடும், விமானத்தில் வரும் சரக்கென்றால் இன்னும் கூடும். அப்படியும், தூரத்தை மட்டும் நம்பித் தோட்டம் போட்டால் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது.

ஹவானாவில் மிச்சமானது வேறு இடங்களில். முதலில் உரம். தழைச்சத்து உரத்தைச் செய்ய இயற்கை எரிவாயு எரிகிறது. வயலில் போட்ட பிறகு அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும். மட்கிலிருந்தும் இந்த வாயு கொஞ்சம் வரும்தான். ஆனால் உரத் தொழிற்சாலையும் அதன் எரிவாயுவும் கணக்கிலிருந்து முழுவதுமாக விழுந்துவிடுகின்றன.

இரண்டாவது குப்பை. சாணமும் இலைதழையும் ஆலைச் சக்கையும் குவியலாகக் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன். அதையே காற்றுப் படப் புரட்டியோ புழுவுக்குக் கொடுத்தோ மட்கவைத்தால் மீத்தேன் பெருமளவு குறையும், பாத்திக்கு மண்ணும் கிடைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்து தென்சென்னை மூச்சு முட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

பிறகு குளிர்கிடங்கு, பெட்டி, பிளாஸ்டிக் உறை, வழியில் வாடிக் கெட்டுப்போகும் சரக்கு. காலையில் பறித்துப் பகலுக்குள் வாசலில் விற்கும் லெட்யூஸுக்கு இவை எதுவும் தேவையில்லை. பக்கத்தில் விளைவதன் உண்மையான லாபம் டீசலைவிட இதில்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். கீரை இரண்டு நாள் பயணம் தாங்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஐரோப்பா, அமெரிக்காவின் 73 நகரத் தோட்டங்களை அளந்து ஓர் ஆய்வு வந்தது. நகரத் தோட்டத்தில் விளைந்த ஒரு பரிமாறல் அளவுக் காய்கனிக்குச் சராசரியாக 0.42 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு. வழக்கமான பண்ணையில் விளைந்ததற்கு 0.07 கிலோ. ஆறு மடங்கு! தோட்ட ஆர்வலர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். உள்ளே படித்தால் கோபத்துக்கு இடமில்லை. அதிகச் சுமை வந்தது பாத்திக் கட்டு, கொட்டகை, நடைபாதை போன்ற கட்டுமானத்திலிருந்து. புதுப் பலகையும் சிமெண்டும் வாங்கிக் கட்டி, ஐந்து வருடத்தில் தோட்டத்தைக் கலைத்துவிட்டால், அதே பாத்தியை இருபது வருடம் வைத்திருப்பதைவிட ஒவ்வொரு கவளத்துக்கும் நான்கு மடங்கு சுமை. 73ல் 17 தோட்டங்கள் வழக்கமான பண்ணையை வென்றன. சூடேற்றிய கண்ணாடிக் கூடத்துத் தக்காளிக்கும் விமானத்தில் வரும் காய்க்கும் மாற்றாக விளைவித்தவையும் தேறின.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஹவானாவைப் பாருங்கள். பாத்திக் கட்டு இடிபாட்டிலிருந்து எடுத்தது. மட்கு நகரத்தின், ஆலையின் கழிவு. பல தோட்டங்கள் இருபது வருடம் தாண்டியும் அதே இடத்தில் இருந்தன. அந்த ஆய்வு எதையெல்லாம் செய்யச் சொன்னதோ, அதையெல்லாம் கியூபாக்காரர்கள் வேறு வழியில்லாமல் முன்பே செய்திருந்தார்கள்.

தோட்டத்தால் முடியாதது

2012 வாக்கில் ஹவானா போன்ற நகரங்களில் உண்ட புதுக் காய்கறியில் 70 சதவீதத்தை நகரத் தோட்டங்களே தந்தன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கியூபா தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்டது என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி நடக்கவே இல்லை. அரிசி, கோதுமை, சமையல் எண்ணெய், கோழியிறைச்சி எல்லாம் தொடர்ந்து கப்பலில்தான் வந்தன. 2001 கடைசியிலிருந்து அமெரிக்கக் கோழியும் சேர்ந்துகொண்டது. உணவில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிதான். கீரையும் முள்ளங்கியும் விட்டமினைத் தரும், வயிறு நிரம்பும் மாவுச்சத்தைத் தராது. பட்டினி தணிந்ததில் 1994ல் விவசாயிகளை நேரடியாக விற்கவிட்ட சந்தைகளுக்கும் சுற்றுலாப் பணத்துக்கும் பங்கு உண்டு. கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் கிடைத்த மட்டில் ரசாயன உரம் போனது. நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டது என்பதும் மிகை.

குறைகள் தோட்டத்துக்குள்ளும் இருந்தன. பல பாத்திகளுக்குக் குழாயில் வந்த குடிநீரே பாசனம். வேலை ஆள் நிறைய வேண்டும். 11 ஹெக்டேருக்கு நூற்றுக்கு மேற்பட்டவர் என்பது வேறு வேலை கிடைக்காத காலத்தில் வரம், ஆட்கள் நாட்டைவிட்டுப் போகும் காலத்தில் பாரம். எல்லாவற்றையும்விடப் பெரிது மட்கில் இருந்தது. தரம் பிரிக்காத நகரக் குப்பையிலிருந்து செய்த மட்கில் ஈயம் போன்ற உலோகங்கள் இருப்பதை ஹவானாவில் செய்த ஆய்வுகளே காட்டின.

இலங்கைக்கு இது தெரிந்த பாதைதான், ஆனால் எதிர்த் திசையில். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே அடியாக நிறுத்தியது; நெல்லும் தேயிலையும் சரிய, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. 2022 ஜூனில் அரசு ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் போடட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. விடுமுறை கிடைத்தது சரி. மட்கும் விதையும் ஒட்டுண்ணியும் எங்கிருந்து வரும்? கியூபாவில் புழு நிலையமும் பூஞ்சைக் கூடமும் தட்டுப்பாட்டுக்குச் சில வருடம் முன்பே எழும்பிவிட்டன. இரண்டு நாட்டுக்கும் இடையே நான் பார்க்கும் முக்கிய வேறுபாடு இதுதான்.

நம் மாடிகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையான குரோ பேக் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் நைந்து பொடிப்பொடியாக உதிரும். உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, பழைய தொட்டி அதைவிட நாள் வரும், காசும் இல்லை. வாரம் ஒரு முறை வாங்கும் பாலித்தீன் உறைக் கீரையை மாடிக் கீரை ஈடுகட்டினால் பலன் தெரியும். மாடியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுவது பொழுதுபோக்கு. அப்புறம் மட்கு. தமிழ்நாட்டு மாநகராட்சிகள் நுண் உரமாக்கல் மையங்களில் ஈரக் குப்பையை மட்கவைத்து உரமாகத் தருகின்றன. பேட்டரியும் டியூப் லைட்டும் கலந்து வராத குப்பைதானா என்பது வீட்டு வாசலில் பிரிப்பவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதி உரத்தையும் சோதித்து, ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று மூட்டையின் மேல் அச்சடித்துக் கொடுத்தால் மாடித்தோட்டக்காரர்கள் நம்பி வாங்கிப் போவார்கள்.